தூரத்து இயந்திரமும் கைப்பணமும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி மேற்குத் தாம்பரத்தில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

   

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுவதற்குப் பேராசிரியப் பெருமக்கள் வந்திருக்கின்றனர். என்னையோ, பழைய ஜே.சி.பி. வாங்குவதைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். இது விழா மேடைக்குரிய பொருள்தானா என்று நான் தயங்கினேன். அதற்கு அவர் சொன்ன காரணம் என் வாயை அடைத்துவிட்டது. நம் சங்கத்தின் உதவித்தொகையில் டிப்ளமா முடித்த இளைஞர் ஒருவர், கைப்பேசியில் ஓர் இயந்திரத்தின் படத்தைக் கண்டு, அதைப் பிடித்து வைப்பதற்கென்று ரூ.25,000 அனுப்பினார். இயந்திரமும் வரவில்லை, பணமும் வரவில்லை. “படிக்க வைத்தோம், வாங்குவதற்கு யார் கற்றுக்கொடுப்பது?” என்று செயலாளர் கேட்டார். ஆகவே வந்திருக்கிறேன்.

நம் பகுதிக்கும் கருவிகளுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1863ஆம் ஆண்டு மே மாதத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலறிஞர் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவியே, இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட பழைய கற்காலக் கருவி என்பர். அதே பல்லாவரத்தில், திரிசூலத்தில், பம்மலில் நம்மவர் கல் உடைத்த காலத்தை இங்குள்ள முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். என் தாய் திரிசூலத்துக் குவாரியில் ஜல்லி உடைத்தவர். சம்மட்டி கூட அவருக்குச் சொந்தமன்று. அதன் வாடகை கூலியில் பிடித்தம் செய்யப்பட்டது. ஆதலின் நம் பிள்ளை ஒருவன் இயந்திரத்துக்குச் சொந்தக்காரன் ஆவதென்பது வெறும் வியாபாரமன்று என்பதை நான் அறிவேன். அந்த ஆசையைத்தான் ஏமாற்றுவோனும் அறிந்து வைத்திருக்கிறான்.

முதலில் என் சொந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். வெட்கத்திற்குரிய கதைதான்.

2011ஆம் ஆண்டு நானும் என் தங்கை கணவரும் சேர்ந்து, வேறொரு மாவட்டத்திலிருந்து ஐந்தாண்டு ஓடிய ஜே.சி.பி. ஒன்றை ஒன்பது இலட்சத்துக்கு வாங்கினோம். என் மனைவியின் நகை, அவருடைய சேமநிதி, தங்கை வீட்டுப் பத்திரம் ஆகிய மூன்றும் அதில் அடங்கின. விற்றவர் வீட்டில் எங்களுக்குத் தலைவாழை இலையில் விருந்து. ‘மாப்பிள்ளை, மச்சான்’ என்று உறவு கொண்டாடினார். நம்மை இப்படி மரியாதையோடு உட்கார வைத்துச் சோறு போட்ட அந்நியர் எத்தனை பேர்? அந்த மரியாதையில் நான் மயங்கினேன். ஆர்.சி. புத்தகத்தின் நகலைக் காட்டினார். மூலத்தைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பினான்ஸ் கடன் முடிந்ததென்று ஒரு கடிதத்தைக் கொடுத்தார். அந்தக் கம்பெனிக்குச் சென்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பெயர் மாற்றத்தை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தரகர் சொன்னார், அதையும் ஒப்புக்கொண்டேன்.

ஏழு மாதம் நன்றாக ஓடியது. எட்டாவது மாதம் மண்ணிவாக்கத்தில் ஒரு மனையைச் சமன் செய்துகொண்டிருந்தபோது நான்கு பேர் காரில் வந்து, கடன் பாக்கி என்று சொல்லி இயந்திரத்தைக் கொண்டுபோயினர். நாங்கள் வைத்திருந்த கடிதம் போலி. பதிவேட்டில் எங்கள் பெயரும் இல்லை. கடனோ அப்படியே இருந்தது. விற்றவரின் தொலைபேசி அன்றே அணைந்தது. காவல் நிலையம் செல்வதற்கு மூன்று வாரம் தயங்கினோம், ஊர் சிரிக்குமே என்று. தங்கை மகள் கல்லூரியை விட்டு இரண்டாண்டு துணிக்கடையில் நின்றாள். பிறகு அவள் படிப்பை முடித்ததற்கு இந்தச் சங்கமே காரணம்.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 27ஆம் பிரிவு என்று ஒன்றுண்டு. பொதுவாக, தனக்கில்லாத உரிமையை ஒருவன் மற்றவனுக்கு விற்க முடியாது என்பதே அதன் சாரம். நீங்கள் நல்லெண்ணத்தோடு வாங்கினீர்கள், முழு விலையும் கொடுத்தீர்கள் என்பதனால் மட்டும் பொருள் உங்களுடையதாகிவிடாது. ஆகவே இயந்திரம் நன்றாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன், அது விற்பவருடையதுதானா என்று பார்க்க வேண்டும்.

சக்கரம் உள்ள இயந்திரமாயின் வழி எளிது. அன்று எனக்கில்லாத வசதி இன்று உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. பரிவாகன் இணையதளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ பதிவெண்ணைக் கொடுத்தால் பதிவு நாள், காப்பீடு, கடன் குறிப்பு ஆகியவை தெரியும். உரிமையாளர் பெயரின் சில எழுத்துகளை மறைத்தே காட்டும். ஆயினும் எதிரில் நிற்பவர் சொல்லும் பெயரோடு பொருந்துகிறதா என்று பார்க்க அது போதும். கடன் குறிப்பு இருந்தால் பினான்ஸ் கம்பெனிக் கிளைக்கு விற்பவரோடு நேரில் செல்லுங்கள். பாக்கியை அவர் கையில் கொடாமல் கம்பெனிக் கணக்கிலேயே கட்டி, கம்பெனி ஒப்பமிட்ட 35ஆம் எண் படிவத்தையும் தடையில்லாக் கடிதத்தையும் அங்கேயே பெற வேண்டும். தரகர் கொண்டுவந்து தரும் கடிதம் எவ்வளவு அழகான முத்திரையோடு இருந்தாலும் அது வெறுங்காகிதம் என்றே கொள்க.

சங்கிலிச் சக்கரத்தில் ஓடும் இயந்திரத்தில் இடர் அதிகம். நாம் அதைப் பொக்லைன் என்றும் ஹிட்டாச்சி என்றும் அழைக்கிறோம். முன்னது பிரெஞ்சு நாட்டு நிறுவனத்தின் பெயர், பின்னது ஜப்பானிய நிறுவனத்தின் பெயர். ஜே.சி.பி. என்பதும் இங்கிலாந்தில் 1945இல் தொழில் தொடங்கிய ஜோசப் சிரில் பாம்ஃபோர்டின் பெயரெழுத்துகளே. சங்கிலி இயந்திரங்கள் பெரும்பாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவாவதில்லை. ஆகவே முதல் உரிமையாளர் வாங்கிய மூல இன்வாய்ஸ், அதிலிருந்து இன்றைய விற்பவர் வரையிலான விற்பனை ஆவணங்கள் ஆகிய இரண்டும் சங்கிலிபோல் அறுபடாமல் இருக்க வேண்டும். அடமானங்களைப் பதியும் செர்சாய் என்னும் மையப் பதிவகத்தில் சிறு கட்டணம் செலுத்தித் தேடலாம். ஆனால் அங்கே இல்லை என்பதனால் கடனே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இயந்திரத்தின் வரிசை எண்ணை அந்த நிறுவனத்தின் முகவரிடம் கொடுத்தால், சர்வீஸ் வரலாறு இருப்பின் அதுவும் தெரியவரும். கடைசி சர்வீஸில் எத்தனை மணி ஓடியிருந்தது என்பது அதில் இருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஏரி மண், சவுடு, மணல் ஆகியவற்றை அனுமதியின்றி அள்ளும்போது பிடிபடும் இயந்திரங்களை 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி கைப்பற்றுகிறார்கள். நீதிமன்றம் பிணையின் பேரில் இடைக்காலமாக உரிமையாளரிடம் ஒப்படைக்கலாம். ஆனால் வழக்கு முடியும்வரை அதை விற்கலாகாது, கேட்டபோது கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனைகள் இருக்கும். அப்படிப்பட்ட இயந்திரம் சந்தை விலையைவிட இரண்டு இலட்சம் குறைவாக வரும். ஏன் குறைவு என்று கேளுங்கள். அது வேலை செய்த ஊரில் ஒரு தேநீர்க் கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் கதை முழுதும் தெரிந்துவிடும்.

இயந்திரத்தைப் பார்க்கும் முறைக்கு வருகிறேன். முப்பது ஆண்டு பட்டறையில் கழித்தவன் ஆதலின் இதில் சற்று நீட்டிப் பேசினால் பொறுத்தருள்க.

விடியற்காலையில் செல்ல வேண்டும். சென்றவுடன் எஞ்சினின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த எஞ்சின் சொல்லும் உண்மையைச் சூடான எஞ்சின் சொல்லாது. மறுநாள் வருவதாகச் சொல்லி அந்த ஊரிலேயே தங்குங்கள். ஸ்டார்ட் செய்யுமுன் ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் மோர் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அது கேஸ்கட் பழுதாகவும் இருக்கலாம், வெள்ளத்தில் மூழ்கியதாகவும் இருக்கலாம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தபோது எத்தனை வண்டிகள் நீருக்குள் நின்றன என்பதை நாம் கண்ணால் கண்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் கண்டோம். கழுவி வண்ணம் பூசப்பட்ட அத்தகைய வண்டியை யாரோ ஒருவர் எங்கோ ஓரூரில் வாங்கத்தானே செய்வார்? இருக்கைக்கு அடியிலும் ஒயர் இணைப்புகளுக்குள்ளும் காய்ந்த வண்டல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

புகையைக் கவனியுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. விடாத கரும்புகை வந்தால் காற்றோ டீசல் அளவோ சரியில்லை. சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காவிடில் உள்ளே நீர் கசியலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தும்போது புகை குபுகுபுவென்று வந்தால், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன.

ஹைட்ராலிக்கே இந்த இயந்திரத்தின் உயிர். பழுதானால் பணத்தை அதிகம் விழுங்குவதும் அதுவே. பக்கெட்டில் மண்ணை நிரப்பிக் கையை உயர்த்தி, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். அதன் அடியில் எவரும் நிற்கலாகாது. கை தானாக இறங்கினால் சிலிண்டர் சீலிலோ வால்விலோ கசிவு உண்டு. சிலிண்டர் தண்டு கண்ணாடிபோல் மின்ன வேண்டும். நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால் புதுச் சீல் போட்டாலும் நிற்காது. பிறகு பக்கெட்டைத் தரையில் ஊன்றி, ஆப்பரேட்டரை மெல்ல அசைக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பின்னையும் புஷ்ஷையும் பாருங்கள். கை அசைந்த பிறகே பக்கெட் அசைகிறது என்றால் தேய்மானம் மிகுதி. கிரீஸை அள்ளி அப்பியிருந்தால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பூமின் அடிப்பகுதியில் மட்டும் புது மஞ்சள் வண்ணம் இருந்தால், அதன் கீழே வெல்டிங் இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. சங்கிலி இயந்திரமாயின் சங்கிலி, உருளை, பற்சக்கரம் ஆகியவற்றின் விலையைத் தனியே விசாரித்துக்கொண்டு செல்லுங்கள். வாங்கிய ஆறு மாதத்தில் அச்செலவு வந்தால், மலிவாகக் கிடைத்த இயந்திரமும் விலை உயர்ந்ததாகிவிடும்.

மணிக் கணக்குக் காட்டும் மீட்டரை நம்பாதீர்கள், மாற்றிவிடலாம். மீட்டர் 4,000 மணி என்கிறது, பெடலின் ரப்பரோ இரும்பு தெரியத் தேய்ந்திருக்கிறது என்றால், பெடல் சொல்வதே உண்மை. சேசிஸ் எண் பொறித்த இடத்தில் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுங்கள். அலுவலகத்தில் கேட்கும் பென்சில் பிரிண்ட் இதுவே. எண்ணைச் சுற்றி அரத்தால் தேய்த்த தடமோ புது வெல்டிங்கோ இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

இவற்றை எல்லாம் கைப்பேசிப் படத்தில் காண இயலுமா? வீடியோ அழைப்பில் எஞ்சினின் சூட்டைத் தொட்டறிய முடியுமா? கிளாம்பாக்கத்தில் இரவு பேருந்து ஏறினால் விடியலில் சேலம்; அங்கிருந்து சங்ககிரியோ திருச்செங்கோடோ நாமக்கல்லோ தொலைவில்லை. லாரிக்கும் ரிக்குக்கும் பெயர்பெற்ற அவ்வூர்களில் பழைய இயந்திரங்களை விற்போரும் உளர், அவற்றைப் பிரித்து அறியும் மெக்கானிக்குகளும் உளர். அங்கே ஒரு மெக்கானிக்கை நாமே தேடி அமர்த்திக் கொண்டு செல்ல வேண்டும். விற்பவர் பரிந்துரைக்கும் மெக்கானிக் விற்பவரின் மெக்கானிக்கே. இரண்டு பேருக்குப் பேருந்துச் செலவு, மெக்கானிக் கூலி, அறை வாடகை எல்லாம் சேர்ந்தாலும், ஒரு ஹைட்ராலிக் பம்பின் விலைக்கு அருகிலும் வராது.

பார்க்கவே வேண்டாம், பணம் அனுப்பினால் வீட்டு வாசலில் இறக்குவோம் என்பவரைப் பற்றி ஒரு சொல். தாம் படையில் பணிபுரிவதாகவும், திடீர் மாற்றலால் மலிவாக விற்பதாகவும் சொல்லி, சீருடைப் படமும் அடையாள அட்டையும் அனுப்பி ஏமாற்றும் கூட்டங்களைப் பற்றிப் பல மாநிலக் காவல்துறையினர் எச்சரித்திருக்கின்றனர். நம் பகுதியில் தாம்பரம் விமானப்படைத் தளமும் பரங்கிமலை இராணுவப் பயிற்சிக் கழகமும் இருப்பதனால் அப்பொய் இங்கே எளிதில் ஏறுகிறது. நம் இளைஞர் வீழ்ந்ததும் இதில்தான். பணத்தைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லி, ரகசிய எண்ணை அழுத்துமாறு மறுபடியும் கேட்டிருக்கிறார்கள். நல்லவேளையாக அவர் அழுத்தவில்லை. யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் வேண்டியதேயில்லை. அனுப்புவதற்கு மட்டுமே வேண்டும். ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வழியுண்டு. சரக்கு விற்பனைச் சட்டம் வந்த ஆண்டும் அந்த எண்ணும் ஒன்றாயிருப்பது தற்செயலே. நினைவில் வைக்க நமக்கு உதவட்டும். நான் தயங்கியதுபோல் மூன்று வாரம் தயங்காதீர்கள். ஏமாற்றியவனுக்கு இல்லாத வெட்கம் ஏமாந்தவனுக்கு எதற்கு?

பணம் கொடுக்கும் முறை: முன்பணம் சிறிதாக இருக்கட்டும், அதுவும் இயந்திரத்தைப் பார்த்த பிறகே. முத்திரைத் தாளில் பதிவெண், சேசிஸ் எண், எஞ்சின் எண், விலை, பாக்கி, ஒப்படைக்கும் நாள், கடனோ வழக்கோ இருப்பின் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு ஆகிய அனைத்தையும் எழுதிச் சாட்சியோடு ஒப்பமிட வேண்டும். பெருந்தொகை வங்கி வழியாகவே செல்ல வேண்டும், ஆர்.சி.யில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். “என் மைத்துனர் கணக்கில் போடுங்கள்” என்றால் போடாதீர்கள். 29, 30ஆம் எண் படிவங்களில் விற்பவரின் ஒப்பத்தைப் பெற்று, மூல ஆர்.சி.யைக் கையில் வாங்கி, டிரெய்லரில் இயந்திரத்தை ஏற்றும்போது பாக்கியைச் செலுத்துங்கள்.

டிரெய்லரில்தான் ஏற்ற வேண்டும். வாடகையை மிச்சப்படுத்த எண்ணிச் சேலத்திலிருந்து ஓட்டிக்கொண்டே வந்தவர்களை நான் அறிவேன். மோட்டார் வாகன விதிகளே கட்டுமான இயந்திரத்தைப் பற்றிச் சொல்லும்போது, சாலையில் சிறிது நேரம் மட்டும், மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மிகாமல் செல்வது என்றே குறிப்பிடுகின்றன. முந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகமாக உருட்டிக்கொண்டு வந்தால் டயரும் கியர்பெட்டியும் என்ன ஆகும்? வழியில் விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு?

வந்து சேர்ந்த வாரத்திலேயே பெயர் மாற்றத்திற்குக் கொடுத்துவிடுங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு கூறுகிறது. வேறு மாநிலத்து வண்டியாயின் அங்குள்ள அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, அதாவது 28ஆம் எண் படிவம், கையில் வராமல் முழுப் பணம் கொடுக்கலாகாது. பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆதலின் நேர்மையான விற்பனையாளர், பெயரைச் சீக்கிரம் மாற்றிக்கொள்ளுங்கள் என்று அவரே உங்களை அவசரப்படுத்துவார். மெதுவாகப் பார்க்கலாம் என்பவர் எதையோ மறைக்கிறார், அல்லது ஒன்றும் அறியாதவர். காப்பீட்டையும் உடன் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

கடனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1974இல் தொடங்கிய தாட்கோ நிறுவனத்தை அனைவரும் அறிவீர்கள். 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் திட்ட மதிப்பில் 35 விழுக்காடு மானியமும் வட்டியில் 6 விழுக்காடு சலுகையும் உண்டு; மாவட்டத் தொழில் மையத்தின் வழியே விண்ணப்பிக்க வேண்டும். பழைய இயந்திரம் அதில் ஏற்கப்படுமா என்பதை அங்கே கேட்டு, எழுத்தில் பெற்ற பிறகே விற்பவரிடம் வாய் திறக்க வேண்டும். மானியம் வரும் என்று நம்பி முன்பணம் கொடுத்துவிட்டுப் பின்னர் கந்துவட்டிக்கு ஓடியவர்கள் உண்டு. மானியத்தோடு புது இயந்திரம் வாங்குவதே சிலருக்கு மலிவாக முடியவும் கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தொழில் தொடங்கும் இளைஞர் இருவர் அடுத்த வெள்ளிக்கிழமை இரவு சங்ககிரிக்குப் புறப்படுகிறார்கள். அவர்களோடு நானும் செல்கிறேன். பதிவெண்ணைச் சரிபார்த்துவிட்டோம், கடன் குறிப்பு ஒன்று இருக்கிறது, பினான்ஸ் கிளையின் முகவரியும் வாங்கியாகிவிட்டது. சனிக்கிழமை காலை நாங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லியிருக்கிறேன். “ஏன்?” என்று கேட்டார். “வந்து சொல்கிறேன்” என்றேன். உடன் வந்து பார்த்துக் கற்க விரும்புவோர் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். பேருந்துக் கட்டணம் அவரவருடையது. ஒரு கைவிளக்கும் பழந்துணியும் பென்சிலும் எடுத்து வாருங்கள்.